பதினேழாவது கணக்கு

அருளப்பு மாஸ்டரைப் பொலிஸார் பதினாறு மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். அதற்கு நானும் ஒரு காரணம். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கேட்ட இடத்தில் தெரியாது என்று சொன்னேன்.

சில வாரங்களுக்கு முன் வெள்ளவத்தை ட்யூட்டரி நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது, அவருடைய பெயரை ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார்: “அருளப்பு சேர் எனக்கும் படிப்பித்தவர். பிறகு அவருக்கு என்ன நடந்தது?” கடிதம் மூன்று வாரமாக மேசையில் கிடக்கிறது. எனக்கு எழுபத்தொன்பது வயதாகிறது. எழுதிவிடுகிறேன்.

பின்னேர வகுப்பு

பின்னேரம் மூன்று மணியிருக்கும். தகரக் கூரையின் கீழ் எழுவாய் மாற்றம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சூத்திரத்தில் சிக்கிக் கிடக்கும் ஓர் எழுத்தை மற்றவற்றிடமிருந்து பிரித்து, ஒரு பக்கத்தில் தனியே நிறுத்தும் வேலை அது. ரயில் பாதைக்கு அப்பால் கடல். உப்புக் காற்றில் சோக்கட்டி எப்போதும் ஈரமாக இருக்கும். எழுதினால் பாதி எழுத்துத்தான் பலகையில் விழும்.

வாசலில் இரண்டு பொலிஸ்காரர் வந்து நின்றார்கள். ஒருவர் கையிலிருந்த துண்டைப் பார்த்து என் பெயரை வாசித்தார்.

“சின்ன விஷயம் ஒன்று, சேர். வந்துவிட்டுப் போகலாம்” என்றார் சிங்களத்தில்.

அந்த நாட்களில் அந்த வாக்கியம் எல்லோருக்கும் தெரியும். வந்துவிட்டுப் போகலாம் என்று கூட்டிப்போனவர்களில் சிலர் இரண்டு வருடம் கழித்து வந்தார்கள். முன் வாங்கில் இருந்த பிள்ளை என் குடையை எடுத்து நீட்டியது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஜீப்பில் போகும்போது எனக்கு ஒரே நினைவு குகன்தான். குகன் என் தங்கையின் கணவன். கொழும்புக்கு வர வவுனியாவில் எடுத்த அனுமதிப் பாஸ் முடிந்தும் திரும்பிப் போகாமல் என் வீட்டில் இருந்தான். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பொலிஸில் பதிய வேண்டிய காலம். என் பதிவுத் தாளில் என் பெயர் மட்டுமே இருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் இன்று, நாளை என்று சொல்லிக்கொண்டிருந்தான். குகன் பகலெல்லாம் பின்னறையில் ரேடியோவை மெல்லப் போட்டுக்கொண்டு கிடப்பான். இது எங்கள் இருவருக்கும் வெளியே ஒருவருக்குத்தான் தெரியும். அது அருளப்பு மாஸ்டர். சனிக்கிழமைகளில் வந்து குகனோடு சீட்டுக் கடதாசி விளையாடுவார்.

தாள்கள்

பொலிஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். மரியாதையானவர். எனக்குக் கதிரை போடச் சொன்னார். மேசையில் கோடு போட்ட தாள்கள். அந்தக் கையெழுத்தை எனக்குத் தூரத்திலேயே தெரியும்.

சுவரோரம் வாங்கில் அருளப்பு மாஸ்டர் இருந்தார். கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டைக் காலையில் சோதித்திருக்கிறார்கள். வீட்டில் உடுத்திருந்த சறத்தோடு கூட்டி வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவருடைய முகம் தெளிந்தது.

“வாரும் மாஸ்டர். இவையளுக்கு ஒருக்கா விளங்கப்படுத்திவிடும். என்ட சிங்களம் காணாது.”

என் பெயரைக் கொடுத்தவரே அவர்தான். ஒரு கணக்கு மாஸ்டர் வந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நம்பியிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் முதல் தாளை என் பக்கம் தள்ளினார். அதில் இப்படி இருந்தது:

க = 14
3க = 42
3க + 5 = 47
2க + 5 = 47 − க
2க + 6 = 48 − க
2(க + 3) = 48 − க

கீழே இன்னொன்று ‘ச’வில் தொடங்கியது. அடுத்தது ‘வ’. மொத்தம் நாற்பது.

“இது கணக்கா?”

“கணக்கு மாதிரித்தான் இருக்கு, சேர்.”

“நானும் பள்ளிக்கூடம் போனவன். நாங்கள் கீழே இருக்கிற பெரிய வரியில் தொடங்கி, மேலே இருக்கிற சின்ன வரிக்கு வருவோம். இவர் தலைகீழாகப் போயிருக்கிறார். ஒரு இலக்கத்தை எடுத்து, படிப்படியாக மறைத்திருக்கிறார். சரியா?”

“சரி, சேர்.”

“ஏன் ஒருவர் அப்படிச் செய்ய வேண்டும்?”

அருளப்பு மாஸ்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிங்களம் பேசத்தான் வராது. கேட்டால் விளங்கும்.

“எனக்குத் தெரியாது, சேர்” என்றேன்.

எனக்குத் தெரிந்திருந்தது

கணக்குப் படிப்பிக்கிற எவனுக்கும் அது தெரியும். பிள்ளைகள் விடையைத் தேடிக் கீழே இறங்குவார்கள். கணக்கை ஆக்குகிறவன் விடையில் நின்றுகொண்டு மேலே ஏறுவான். விடையை முதலில் தீர்மானித்து, இருபுறமும் பெருக்கி, கூட்டி, கழித்து, கடைசியில் அடைப்புக்குறி போட்டு மூடிவிடுவான். நானும் அப்படித்தான் ஆக்கினேன்.

அருளப்பு மாஸ்டரிடம் கூடுதலாக ஒரு பழக்கம் இருந்தது. தன்னிடம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு கணக்குச் செய்து கொடுப்பார். தெரியாக் கணியத்துக்கு x என்று போடமாட்டார். பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார். சரியாகச் செய்தால் விடை அந்தப் பிள்ளையின் வீட்டு இலக்கமாக வரும். அட்சரகணிதம் என்றாலே அழுகிற பிள்ளைகூட, தன் வீடு வருகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு மணித்தியாலம் குனிந்தபடி இருக்கும்.

‘க’ என்பது கீதா. பதினான்கு அவளுடைய வீட்டு இலக்கம். பொலிஸ் கையில் அகப்பட்டது நாற்பது வீட்டு இலக்கங்களை மறைத்து வைத்த தாள். குண்டு வெடித்து ஒரு கிழமை ஆகியிருந்த கொழும்பில் அது எப்படித் தோன்றும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும். “ஐயா, இவர் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுகிறார். கீதாவின் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.” என் சிங்களம் நல்ல சிங்களம்.

இன்ஸ்பெக்டர் என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். முகவரி கேட்டபோது ட்யூட்டரியின் முகவரியைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தால் குகன் இருப்பான். கையெழுத்து வைத்துவிட்டு எழும்பினேன். குடையை மறந்து வெளியே வந்துவிட்டேன். ஒரு கான்ஸ்டபிள் பின்னால் ஓடி வந்து தந்தார். திரும்பி வாங்கியபோது, வாங்கில் அருளப்பு மாஸ்டர் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயமும் மற்றதும்

பல வருடங்களாக இதைக் கேட்டவர்களுக்கு நான் பயம் என்றே சொல்லியிருக்கிறேன். குகனைக் காப்பாற்ற அப்படிச் செய்தேன் என்றதும், கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அவருக்காகப் பேசினால் என் வீட்டையும் சோதிப்பார்கள் என்ற பயம் இருந்தது உண்மை. அது மட்டும் இல்லை.

அந்தச் சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்பு, நானும் அவரும் சேர்ந்து ஒரு பயிற்சிப் புத்தகம் போடுவதாக இருந்தது. ஆளுக்கு நாற்பது கணக்கு. கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சகம் வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் என் நாற்பதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“ஒங்கட கணக்குல பிழையில்ல மாஸ்டர். ஆனா புள்ளகள் கேக்குறது அவர்ட கணக்கத்தான். மொதல்ல அவர்ட பேர்ல மட்டும் ஒண்டு போட்டுப் பாப்பம். ஒங்கட பொறகு பாத்துக்கொள்ளலாம்.”

“நல்லது” என்றேன். பம்பலப்பிட்டி வரை பஸ்ஸில் ஏறாமல் நடந்து வந்தேன்.

அருளப்பு மாஸ்டருக்கு இது தெரியாது. அதே வாரம் தன் நாற்பது கணக்குகளின் கார்பன் பிரதியை என்னிடம் கொண்டுவந்து தந்தார். அதில் கடைசி வரிகள் மட்டும் இருந்தன. ஏறிப்போன படிகள் இல்லை. “பிழையிருந்தால் பாத்துச் சொல்லும்” என்றார். ஒரு பிழையாவது அகப்பட வேண்டும் என்று ஒவ்வொரு கணக்காகப் புரட்டினேன். பத்தோடு அலுத்துப்போய் விட்டேன்.

என்னை அவர் ஒரு விஷயத்துக்காக ஓயாமல் கிண்டல் செய்வார். “இந்த மூன்றை மறுபக்கம் கொண்டு போ, குறி மாறும்” என்று எல்லா மாஸ்டர்மாரையும் போல நானும் படிப்பிப்பேன். தடுப்புக்கு அந்தப் பக்கத்தில் அவருடைய வகுப்பு. அங்கிருந்து குரல் வரும்.

“எங்க மாஸ்டர் கொண்டு போறீர்? பாஸ் எடுத்தனீரோ அதுக்கு?”

இரண்டு வகுப்பும் சிரிக்கும். இடைவேளையில் வந்து தோளில் கை போட்டுச் சொல்லுவார்: “ஒண்டும் எங்கயும் போறேல்ல காணும். ஒரு பக்கத்துக்குச் செய்யிறதை மற்றப் பக்கத்துக்கும் செய்யிறம். அவ்வளவுதான்.”

அவர் சொன்னதே சரி. அதனால்தான் எரிச்சலாக இருந்தது. இன்ஸ்பெக்டர் ஏன் என்று கேட்ட அந்த நொடியில் குகனின் முகம் வந்தது. அதற்குச் சற்று முன்னால், நானா கண்ணாடி துடைத்த கை வந்தது.

என் பெயரில் வந்த புத்தகம்

ஒரு மாதத்தில் குகன் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தான். பின்னறை வெறுமையாயிற்று. பயத்துக்கு இருந்த காரணமும் அதோடு போய்விட்டது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை.

நானா ஆள் அனுப்பினார். பரீட்சைக் காலம் நெருங்குகிறது, புத்தகம் வேண்டும் என்றார். என் நாற்பதைக் கொடுத்தேன். போதவில்லை என்றார். வீட்டுக்குப் போய் அந்தக் கார்பன் பிரதியை எடுத்தேன். ஒவ்வொரு கணக்கிலும் இருந்த தமிழ் எழுத்தை அழித்து x போட்டேன். ஒரே இருப்பில் நாற்பதுக்கும் விடை கண்டு பிரதி பண்ணி முடித்தேன். அவருடைய கணக்குகளை முன்பகுதியில் வைத்தேன். அட்டையில் என் பெயர் இருந்தது. புத்தகம் நன்றாகப் போயிற்று.

சில மாதம் கழித்து வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, கீதா புத்தகத்தோடு நின்றாள். பதினைந்து வயதிருக்கும்.

“சேர், முதலாம் கணக்கு என்ட கணக்கு.”

“எது?”

“அருளப்பு சேர் எனக்குச் செய்து தந்தது. எங்கட வீட்டு நம்பர். க எண்டு இருந்ததை நீங்கள் x ஆக்கி வச்சிருக்கிறீங்கள்.”

நான் பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். அழித்த இடத்தையே திரும்ப அழித்தேன்.

“பொலிசும் வீட்ட வந்தது சேர். அந்தத் தாளைக் காட்டி, பதினாலு உங்கட நம்பரோ எண்டு கேட்டவை. அப்பா ஓம், அது மாஸ்டர் பிள்ளைக்குச் செய்து குடுத்த கணக்கெண்டு சொன்னவர். சசியின்ட வீட்டையும் போனவை. எல்லாற்ற வீட்டையும் போனவையாம்.”

“எப்ப?”

“அவரைப் பிடிச்சு ரெண்டு கிழமையில.”

பிறகு அவள் கேட்டாள்: “அப்ப ஏன் சேர் அவரை இன்னும் விடேல்ல?”

எனக்கும் அது விளங்கவில்லை. எல்லா வீடும் சரி என்று கண்ட பிறகும் ஏன் ஒருவரை வைத்திருக்கிறார்கள்? நான் சொன்ன ‘தெரியாது’ அந்தக் கோப்பில் இன்னும் கிடப்பதால்தான் என்று முடிவு செய்தேன். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நல்லவன் ஆனேன் என்று எண்ண வேண்டாம். அந்தப் பிள்ளை இன்னும் யாருக்கெல்லாம் சொல்லும் என்ற யோசனையும் இருந்தது.

சத்தியக் கடதாசி

நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். கையில் கார்பன் பிரதி. ஒவ்வொரு கணக்குக்கும் எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது என்று சிங்களத்தில் விளக்கம் எழுதியிருந்தேன். பதினொரு நாள் வேலை. அவர் இரண்டு பக்கம் பார்த்துவிட்டு மூடினார்.

“இது கிடக்கட்டும். அண்டைக்கு ஏன் தெரியாது எண்டனீங்கள்? அதை எழுதாமல் இதுக்குப் பெறுமதி இல்லை.”

“எழுதுவம்.”

“பொய் சொன்னதெண்டு எழுதினால் உங்களையும் பிடிக்கலாம்.”

“எழுதுங்கோ.”

பொய் சொன்னேன் என்று எழுதினோம். காரணம் பயம் என்று எழுதினோம். சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தேன். பயம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மற்றதையும் எழுத இடமிருந்தது. எழுதவில்லை.

என்னை யாரும் பிடிக்கவில்லை. ஒருநாள் கூப்பிட்டு, வேறொரு அதிகாரி அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். அதன் பிறகு நான்கு மாதம் கழித்து அருளப்பு மாஸ்டரை விட்டார்கள். என் கடதாசியால்தானா என்று சட்டத்தரணியிடம் கேட்டேன். “சொல்லேலாது. அந்த மாதம் கனபேரை விட்டவங்கள்” என்றார்.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை அருளப்பு மாஸ்டரின் நாற்பதோடு மட்டும், அவர் பெயரில் போடச் செய்தேன். நானா ஒன்றும் கேட்கவில்லை. முதல் பதிப்புக்குக் கோத்து வைத்திருந்த அச்செழுத்துகளிலேயே அச்சடித்துத் தந்தார். x-ஐ மாற்றுவதானால் முழுவதும் திரும்பக் கோக்க வேண்டும் என்றார். அப்படியே விட்டேன்.

கொட்டாஞ்சேனை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் போனேன். அவர் மனைவி ஜெசிந்தா கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல் நீட்டியபடியே இருந்தன, மடங்கவில்லை. கிராண்ட்பாஸில் மைத்துனரின் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். பாரம் தூக்கவோ எழுதவோ தேவையில்லாத வேலை.

வழியெல்லாம் ஒரு பேச்சுத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அதில் நானாவும் இருந்தார், பஸ் ஏறாமல் நடந்ததும் இருந்தது. முதல் வாக்கியத்தைச் சொன்னேன். “மாஸ்டர், அண்டைக்கு நான் தெரிஞ்சுகொண்டுதான்...”

“தெரியும்” என்றார். “புத்தகத்தைத் தாரும்.”

கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பக்கம் பக்கமாக இடது கையால் புரட்டினார். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து நின்று என்னிடம் பேசினாள். குரல் உயரவில்லை.

“முப்பத்தொன்பது வீட்டுக்கும் போனவங்கள் மாஸ்டர். எல்லாப் பிள்ளையளும் ஓம் எண்டு சொன்னதுகள். அண்டைக்கே விட்டிருப்பாங்கள். ஒண்டே ஒண்டு யார்ட வீடெண்டு இவர் சொல்லேல்ல. அது சும்மா செய்த கணக்கு, ஆருக்கும் இல்லை எண்டே நிண்டவர். எனக்கும் சொல்லேல்ல. அந்த ஒண்டுக்குத்தான் இவ்வளவும்.”

அவள் அவருடைய கையைக் காட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

அருளப்பு மாஸ்டர் புரட்டுவதை நிறுத்தினார்.

“பதினேழாவது கணக்குப் பிழை.”

“எது மாஸ்டர்?”

“குறி மாறிப் போச்சு. அடைப்புக்குள்ள நான் கழித்தல் போட்டனான். நீர் கூட்டல் போட்டிருக்கிறீர்.”

“விடை முழு எண்ணாத்தான் வந்தது. ஐந்து.”

“வரும். அது என்ட விடை இல்லை.” புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். “வீட்ட போய்ச் செய்து பாரும்.”

விடை

வீட்டுக்கு வந்து கார்பன் பிரதியைத் தேடி எடுத்தேன். பதினேழாவது கணக்கில் அந்த இடத்தில் மை பரவியிருந்தது. கூட்டல் என்று எடுத்துக்கொண்டு, ஐந்து வந்ததும் திரும்பிப் பார்க்காமல் அடுத்ததுக்குப் போயிருக்கிறேன். சட்டத்தரணிக்காக விளக்கம் எழுதிய பதினொரு நாளிலும் அந்தக் கூட்டலையே எழுதியிருக்கிறேன். எழுத்து ‘ம’. எங்களிடம் மாலினி, மதுரா, மயூரன் என்று ‘ம’வில் தொடங்கும் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்று நினைத்திருந்தேன்.

கழித்தலைப் போட்டு எழுதினேன்.

2(ம − 18) = 51 − ம
2ம − 36 = 51 − ம
2ம = 87 − ம
3ம = 87
ம = 29

நான் குடியிருந்த வீட்டின் இலக்கம் இருபத்தொன்பது. அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகளுக்கு முப்பத்தொன்பது செய்தவர், எனக்கும் ஒன்று செய்து நடுவில் வைத்திருக்கிறார். நான் கண்டுபிடித்துச் சிரிப்பேன் என்று காத்திருந்திருப்பார்.

யாருடைய வீடு என்று அவர் சொல்லியிருந்தால், அன்றைக்கே ஜீப் என் வாசலுக்கு வந்திருக்கும். பின்னறையில் குகன் கிடந்தான். அந்த வாங்கில் இருந்து என் ‘தெரியாது’வைத் தன் காதால் கேட்ட பிறகும் அவர் சொல்லவில்லை. குகன் போய்விட்டான், இனிச் சொல்லலாம் என்று உள்ளே ஒரு செய்தி அனுப்பியிருக்கலாம். அப்படி ஒன்று தேவை என்றே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அந்தப் பக்கம் ஒரு தடவையும் நான் போனதில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். காலை பத்து மணி. அவரே கதவைத் திறந்தார்.

“விடை வந்ததோ?”

“வந்தது.”

“பிரதியிட்டுப் பாத்தனீரோ?”

“ஓம். இரண்டு பக்கமும் இருபத்திரண்டு.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. கூப்பிடுவார் என்று வாசலிலேயே நின்றேன். எதிர் வீட்டில் யாரோ பாண் வாங்கி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா வந்தாள்.

“அவர் படுத்திட்டார். நீங்கள் போங்கோ மாஸ்டர்.”